உடம்பைப் பத்தின அறிவியல் கட்டுரைல எது உவமை, எது உண்மை: படிப்படியா கண்டுபிடிக்க ஒரு முழு வழிகாட்டி

அப்பாவுக்கு ஆஞ்சியோ பண்ணினப்ப டாக்டர் ஸ்க்ரீனைக் காட்டி "இந்த இடத்துல பைப் அடைச்சிருக்கு"ன்னு சொன்னார். புரியறதுக்காக சொன்ன வார்த்தை அது, தப்பே இல்ல. ரத்தக்குழாயை விரிச்சுப் பிடிக்கற ஸ்டென்ட்ங்கற குட்டி வலைக்குழாயை வச்சாங்க, வீட்டுக்கு வந்தோம், மூணு மாசம் கழிச்சுப் பார்த்தா அப்பா மாத்திரையை நிறுத்திட்டார். கேட்டா, "பைப்பு தான் க்ளியர் ஆயிடுச்சேம்மா, அப்புறம் எதுக்கு மாத்திரை"ன்னு சாதாரணமா சொல்றார். எங்க வீட்டு பாத்ரூம் பைப் அடைச்சா அவரே தான் பிரிச்சு சுத்தம் பண்ணி மாட்டுவார், மாட்டினதோட அந்த வேலை முடிஞ்சது இல்லையா, அந்தக் கணக்கை அப்படியே நெஞ்சுக்கும் போட்டுட்டார். திரும்ப டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய் மாத்திரையை ஆரம்பிக்க வைக்கறதுக்குள்ள எனக்கு உயிர் போய் உயிர் வந்துச்சு.

நான் பதினொன்னு, பன்னெண்டு பசங்களுக்கு பயாலஜி டியூஷன் எடுக்கறேன். வருஷம் பூரா இதயம் ஒரு பம்ப்பு, கிட்னி ஒரு சல்லடை, வெள்ளையணு ஒரு சிப்பாய்னு சொல்லிக்கிட்டே இருக்கறவ. அன்னிக்கு தான் இதை எல்லாம் உவமைன்னு தெரிஞ்சு படிக்க பசங்களுக்கு தனியா சொல்லித்தரணும்னு முடிவு பண்ணேன். வகுப்புல பண்றதை இங்க அப்படியே எழுதறேன். பரீட்சைக்குப் படிக்கறவங்க, மொழிபெயர்க்கறவங்க, வாட்சப்ல வர்ற ஹெல்த் கட்டுரையைப் படிச்சு வீட்ல செஞ்சு பாக்கறவங்க, எல்லாருக்கும் உதவும்.

முதல் படி: வெளியூர் வார்த்தையைப் பிடிங்க

பென்சில் எடுத்துக்கங்க. ஒவ்வொரு வரியிலும் "இந்த வார்த்தையை உடம்பைத் தவிர வேற எங்க கேட்டிருக்கேன்"னு ஒரே ஒரு கேள்வி தான். பம்ப், வால்வு, வடிகட்டி எல்லாம் மோட்டார் கடையிலேர்ந்து வந்தது. படை, தாக்குதல், எதிரி எல்லாம் போர்லேர்ந்து வந்தது. தொழிற்சாலை, ஆற்றல் நிலையம், கழிவு அகற்றம் ஃபேக்டரியோடது. குறியீடு, செய்தி, படியெடுத்தல் இதெல்லாம் எழுத்து, தந்தி சம்பந்தப்பட்டது. கோடு போட்டு முடிச்சதும் எந்தத் துறையோட வார்த்தை நிறைய விழுந்திருக்குன்னு பாருங்க, பெரும்பாலும் ஒரு கட்டுரை முழுக்க ஒரே குடும்பத்து வார்த்தையா தான் வரும், எழுதினவர் உடம்பை என்னவா நினைச்சுப் பார்க்கறார்ங்கறது அங்கயே தெரிஞ்சிடும். மைட்டோகாண்ட்ரியாவை செல்லோட ஆற்றல் நிலையம்னு நாம எல்லாரும் மனப்பாடம் பண்ணோமே, அது 1957ல ஃபிலிப் சீகெவிட்ஸ் எழுதின ஒரு கட்டுரையோட தலைப்புனால பரவின பேரு. அதுக்கு முப்பது வருஷம் முன்னாடியே, 1926ல, ஜெர்மனியில ஃபிரிட்ஸ் கான்ங்கற டாக்டர் மனுஷ உடம்பையே மாடி மாடியா ஒரு தொழிற்சாலையா வரைஞ்சு போஸ்டர் போட்டுட்டார், உள்ள குட்டி குட்டி ஆளுங்க உக்காந்து வேலை பார்ப்பாங்க. எந்தக் காலத்துல எது பெரிய மெஷினோ, உடம்பும் அந்த மெஷினாவே தெரியும். பதினேழாம் நூற்றாண்டு பிரெஞ்சு தத்துவஞானி தெகார்த் காலத்துல நரம்பு நீரூற்றுக் குழாய் மாதிரி தெரிஞ்சது, பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் காலத்துல தந்திக் கம்பி மாதிரி, இப்ப மூளை கம்ப்யூட்டர்.

ரெண்டாவது படி: "மாதிரி" இருக்கா இல்லையா

பள்ளிக்கூடத்துல படிச்சது தான். போல, மாதிரி, ஒத்த, "ஒரு வகையில்" இப்படி ஏதாவது இருந்தா அது உவமை, ரெண்டும் வேற வேறன்னு எழுதினவரே ஒத்துக்கறார். "இதயம் பம்ப் மாதிரி" உவமை. "இதயம் ஒரு பம்ப்" உருவகம். ரெண்டாவதுல அந்த "மாதிரி" உதிர்ந்து போச்சு, அதனால படிக்கறவன் மனசுல அது தகவலாவே உக்காந்துடும். உருவகம் எங்க பார்த்தாலும் பக்கத்துல நீங்களே பென்சில்ல "மாதிரி"ன்னு எழுதிப் பாருங்க. எழுதினப்புறமும் வரி பொருத்தமா இருந்தா அது உருவகம் தான். "இதயத்துக்கு நாலு அறை இருக்கற மாதிரி"ன்னு எழுதினா அபத்தமா இருக்கும் பாருங்க, ஏன்னா நாலு அறை உண்மையிலேயே இருக்கு.

மூணாவது படி: பேருக்குள்ள ஒளிஞ்சிருக்கற உவமை

இந்தப் படி எனக்கு ரொம்பப் பிடிச்சது, கொஞ்சம் நீளமா போவேன், பொறுத்துக்கங்க.

செவிப்பறைன்னு சொல்றோம். காதுக்குள்ள பறை! தோல் இழுத்துக் கட்டின பறை மாதிரி சவ்வு, சத்தம் பட்டா அதிரும். அதுக்குப் பின்னாடி சுத்தி, பட்டடை, அங்கவடின்னு மூணு எலும்பு, முதல் ரெண்டும் கொல்லன் பட்டறையிலேர்ந்து வந்தது, மூணாவது குதிரைச் சேணத்துல கால் வைக்கற வளையம், அந்த எலும்போட நீளம் சுமார் 3 மில்லிமீட்டர் தான். மூளையில ஞாபகத்துக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ்ங்கறது கிரேக்கத்துல கடல்குதிரை, வளைஞ்சிருக்கற வடிவத்துக்காக வச்ச பேரு. நரம்புன்னா பழைய தமிழ்ல யாழோட தந்தியும் தான். இன்னிக்கும் டிரிப்ஸ் போட வர்ற நர்ஸ் "நரம்பே கிடைக்கலம்மா"ன்னு சொல்லும்போது அவங்க தேடறது நரம்பை இல்ல, சிரையை, ரத்தக்குழாயை.

கண்ணுல நடுவுல கருப்பா இருக்கற துளைக்கு பாவைன்னு பேரு. பாவைன்னா பொம்மை. எதிர்ல நிக்கறவங்க கண்ணை உத்துப் பாத்தா நம்மளோட குட்டி உருவம் அதுல தெரியும், அதனால. "கருமணியிற் பாவாய்"னு 1123வது குறள்ல வர்றது அந்தப் பாவை தான், என் காதலி வந்து இருக்கணும், நீ எந்திரிச்சு இடம் விடுன்னு சொல்ற இடம். இதுல ஆச்சரியம் என்னன்னா லத்தீன்லயும் அந்தத் துளைக்கு வச்ச பேருக்கு குட்டிப் பொம்மைன்னு தான் அர்த்தம்.

செல்ங்கற வார்த்தை 1665ல ராபர்ட் ஹூக் மைக்ராஸ்கோப்ல தக்கையோட மெல்லிசான சீவலைப் பார்த்து, தேன்கூட்டு அறை மாதிரி இருக்கேன்னு வச்ச பேரு. சின்ன அறை. அவர் பார்த்தது செத்துப்போன வெறும் சுவரை, அதான் காலியா இருந்துச்சு. உயிருள்ள செல்லு காலி அறை கிடையாது, புரதமும் சவ்வும் நெருக்கி அடைச்சு திருவிழாக் கூட்டமா இருக்கும். இலங்கைப் பாடப்புத்தகத்துல இதையே கலம்னு சொல்வாங்க, பாத்திரம். அறையோ பாத்திரமோ, ரெண்டுமே வெறுமையாத் தான் மனசுல வருது, அதனால பசங்க செல்லை வரையச் சொன்னா ஒரு வட்டம், நடுவுல ஒரு புள்ளி, மீதி எல்லாம் காலின்னு வரைவாங்க.

இந்த மாதிரி பேருங்களை எல்லாம் உருவகம்னு கோடு போட வேண்டாம், அதெல்லாம் பேராவே ஆயிடுச்சு. செல்லு மாதிரி ஒரு தப்பான படத்தை மனசுல வரைஞ்சா மட்டும் குறிச்சு வைங்க.

நாலாவது படி: தொல்காப்பியர் கேட்ட நாலு கேள்வி

கண்டுபிடிச்சாச்சு, இது உவமைன்னு. நிறைய பேர் இங்கயே நிறுத்திடறாங்க. எதை வச்சு ஒப்பிடறாங்கன்னு பார்க்கணும். தொல்காப்பியம் உவமவியல்ல "வினைபயன் மெய்உரு"ன்னு நாலு வழி சொல்லுது. வினைன்னா செய்யற செயல், பயன்னா அதனால கிடைக்கறது, மெய்ன்னா வடிவம், உருன்னா நிறம். அறிவியல் கட்டுரைக்கு இதை விட நல்ல அளவுகோல் எனக்குத் தெரிஞ்சு இல்லை, அவ்வளவு கச்சிதமா பொருந்துது.

அங்கவடி எலும்பு மெய் உவமை, வடிவம் மட்டும் ஒத்துப்போகுது, அது மேல யாரும் கால் வைக்கறதில்ல. மைட்டோகாண்ட்ரியா பயன் உவமை, ஆற்றல் கிடைக்குதுங்கறது மட்டும் தான் பொது, அனல் மின் நிலையம் மாதிரி நிலக்கரி, புகைபோக்கி எதுவும் இல்ல. இதயம் பம்ப்புங்கறது வினை உவமை. செவிப்பறைக்கு வினையும் இருக்கு, மெய்யும் இருக்கு, அதான் அந்தப் பேர் இவ்வளவு நல்லா நிக்குது. நாலுல எது எது பொருந்துதுன்னு ஓரத்துல எழுதுங்க. பொருந்தாததை எல்லாம் நம்ம மனசு தானாவே சேர்த்துக்கும், தப்பு அங்க தான் நடக்குது.

அஞ்சாவது படி: எங்க அறுந்து போகுதுன்னு பாருங்க

இதயத்தையே எடுத்துக்கலாம். பழைய கிரேக்க வைத்தியர் கேலன் காலத்துலேர்ந்து ஆயிரத்து சொச்சம் வருஷமா, சாப்பாட்டுலேர்ந்து ஈரல் ரத்தத்தை உண்டாக்குது, உடம்பு அதைத் தீர்த்துடுதுன்னு நம்பினாங்க. இங்கிலாந்து டாக்டர் வில்லியம் ஹார்வி 1628ல ஒரு புத்தகத்துல ஒரு கணக்கு போட்டார். ஒரு துடிப்புக்கு இவ்வளவு, அரை மணி நேரத்துல இத்தனை துடிப்பு, பெருக்கினா உடம்புல இருக்கற மொத்த ரத்தத்தையும் தாண்டுது, அப்போ அதே ரத்தம் தான் சுத்தி சுத்தி வரணும். இதயத்தை ஒரு பொறியா, அளந்து பார்க்கற மாதிரி யோசிச்சதால கிடைச்ச கணக்கு அது. உவமை பொய்னு நான் சொல்லலைங்க, நல்ல உவமை இல்லாம விஞ்ஞானமே நடக்காது. அதே ஹார்வி அதே புத்தகத்தை ராஜா முதலாம் சார்லஸுக்கு சமர்ப்பணம் பண்ணும்போது இதயத்தை உடம்போட சூரியன்னும் அரசன்னும் எழுதறார். ஒரே ஆள், ஒரே புத்தகம், வேற வேற உவமை.

இப்ப எங்க அறுந்து போகுது? நம்ம வீட்டு மோட்டார் தொட்டியில தண்ணி ஜாஸ்தியானா தானா இன்னும் பலமா இறைக்காது. இதயம் இறைக்கும், உள்ள வர்ற ரத்தம் கூடினா தசை நல்லா இழுபட்டு அடுத்த சுருக்கம் பலமா வரும், ஃபிராங்க் ஸ்டார்லிங் விதின்னு படிச்சிருப்பீங்க. அதோட இதயம் ஹார்மோனும் சுரக்குது, உப்பையும் தண்ணியையும் கிட்னி வெளியேத்தறதுக்கு சேதி சொல்ற ஹார்மோன், அது 1981ல தான் வெளிவந்தது. பம்ப்ங்கற வார்த்தைக்குள்ள இதுக்கு இடமே இல்லை. இடது கீழறை சுருங்கும்போது ஈரத்துணியைப் பிழியற மாதிரி முறுக்கிக்கும். இதுவும் உவமை தான், ஆனா பம்ப்பு மறைச்சதை இது காட்டுது.

கிட்னி சல்லடைன்னு சொல்லுவோம். ஒரு நாளைக்கு சுமார் 180 லிட்டர் வடிகட்டுது, அதாவது வீட்டுக்கு வாங்கற 20 லிட்டர் தண்ணி கேன் ஒன்பது. சிறுநீரா வெளிய போறது ஒன்றரை லிட்டர் போல. மீதி? திரும்ப எடுத்துக்கும். சல்லடை கீழ விட்டதைத் திரும்ப எடுத்துக்குமா? கிட்னியோட பெரிய வேலையே அந்தத் திரும்ப எடுக்கறது தான், அதை சல்லடைங்கற வார்த்தை மறைச்சிடுது.

பூட்டு சாவி உவமை 1894ல எமில் ஃபிஷர் என்ஸைமுக்கு, அதாவது உடம்புல வேதிவினையை வேகப்படுத்தற புரதத்துக்கு, சொன்னது. சாவியும் பூட்டும் வளையாது, என்ஸைம் வளையுதுன்னு தெரிஞ்சப்புறம் 1958ல கோஷ்லண்ட் கையும் கையுறையும்னு மாத்தினார், கை போகப் போக கையுறை உருவம் எடுக்குற மாதிரி. டிஎன்ஏ ப்ளூபிரிண்ட்டுங்கறதும் இப்படித் தான், கட்டின வீட்டைப் பார்த்து பிளானைத் திரும்ப வரைஞ்சிடலாம், ஆளைப் பார்த்து டிஎன்ஏவை எழுத முடியாது, அதுக்கு சமையல் குறிப்புன்னா கொஞ்சம் பரவாயில்ல.

ஆறாவது படி: வினைச்சொல்லை சந்தேகப்படுங்க

பெயர்ச்சொல் உருவகத்தை எல்லாரும் பிடிச்சிடுவாங்க. தப்பிக்கறது வினைச்சொல். "வைரஸ் ஏமாத்தி உள்ள நுழையுது", "உடம்பு முடிவு பண்ணுது", "புற்று செல் தப்பிக்கப் பார்க்குது". கோவலனும் கண்ணகியும் மதுரைக்குள்ள போகறப்ப கோட்டைக் கொடி காத்துல ஆடுதே, அதை "வாராதீங்க"ன்னு கை காட்டி மறிக்கறதா சிலப்பதிகாரத்துல சொல்வாங்க இல்லையா, தற்குறிப்பேற்ற அணி. கொடி ஆடினது நிஜம், காத்தும் நிஜம், தடுக்கணும்ங்கற எண்ணம் புலவர் ஏத்தினது. அறிவியல் கட்டுரையிலும் இதே அணி வரிக்கு வரி இருக்கு.

போன வருஷம் ஒரு பொண்ணு எந்திரிச்சு "மிஸ், வெள்ளையணுவுக்கு மூளை இருக்கா, யாரு எதிரின்னு எப்படித் தெரியுது"ன்னு கேட்டா. எவ்வளவு நல்ல கேள்வி! தெரியறது இல்லம்மா, அதோட மேற்பரப்புல இருக்கற புரதத்துல பாக்டீரியாவோட ஒரு துண்டு வந்து ஒட்டினா உள்ள தொடர்ச்சியா வேதிவினை நடக்குது, அவ்வளவு தான்னு சொன்னேன். அதனால சோதனை இது: வினைச்சொல்லை எடுத்துட்டு "எது எதோட ஒட்டுது, எது எங்கேர்ந்து எங்க நகருது"ன்னு மாத்தி எழுத முடியுதான்னு பாருங்க. முடிஞ்சா அது தற்குறிப்பேற்றம்.

ஏழாவது படி: அளவு நிஜமா, மிகையா

குடலை விரிச்சா டென்னிஸ் கோர்ட் அளவு வரும்னு படிச்சிருப்பீங்க. நானே சொல்லிக் கொடுத்திருக்கேன், இப்ப வருத்தமா இருக்கு. டென்னிஸ் கோர்ட் சுமார் 260 சதுர மீட்டர். 2014ல ஸ்வீடன்ல ரெண்டு பேர் மைக்ரோஸ்கோப் வச்சு திரும்ப அளந்தப்ப குடலோட உள்பரப்பு சுமார் 32 சதுர மீட்டர் தான் வந்துச்சு, அரை பேட்மின்டன் கோர்ட் கூட இல்ல. ஆனா "இதயம் ஒரு நாளைக்கு லட்சம் தடவை துடிக்குது"ங்கறது மிகை மாதிரி தெரிஞ்சாலும் கணக்கு தான், நிமிஷத்துக்கு 70னா 1,00,800. மைதானம், உலகத்தைச் சுத்தறது, நிலாவுக்குப் போறது இப்படி வந்தா உடனே போன்ல கால்குலேட்டரைத் திறங்க.

எட்டாவது படி: இந்த உவமை யாரை நல்லவனா, யாரைக் கெட்டவனா ஆக்குது

நல்ல கொழுப்பு, கெட்ட கொழுப்பு. கொலஸ்ட்ரால் மூலக்கூறு ஒண்ணே தான், கெட்டதுன்னு சொல்ற எல்டிஎல், நல்லதுன்னு சொல்ற எச்டிஎல் ரெண்டும் அதை சுமந்துட்டுப் போற பொட்டலம். நல்லதுன்னு பேர் வச்சா அது கூடக் கூட நல்லதுன்னு தோணும். எச்டிஎல்லை ஏத்தற டார்செட்ராபிப்ங்கற மருந்தைப் பெரிய அளவுல சோதிச்சாங்க, எச்டிஎல் நல்லாவே ஏறுச்சு, ஆனா மருந்து எடுத்தவங்கள்ல சாவு அதிகமா இருந்ததால 2006 டிசம்பர்ல நிறுத்திட்டாங்க.

போர் உவமை இன்னும் ஆழமா வேரோடியிருக்கு, நோயெதிர்ப்புங்கற பேருலயே எதிர்ப்பு இருக்கு, தன்னுடல் தாக்குநோய்ல தாக்குதலே இருக்கு. கிருமின்னாலே எதிரின்னு ஆயிடுது, ஆனா 2016ல போட்ட ஒரு மதிப்பீட்டுப்படி நம்ம உடம்புல சுமார் 30 லட்சம் கோடி மனுஷ செல்லும் 38 லட்சம் கோடி பாக்டீரியாவும் சேர்ந்து தான் குடித்தனம் நடத்துது. அதோட இந்த உவமை நோயாளி மேல பாரத்தை ஏத்துது. "புற்றுநோயோட போராடித் தோத்தார்"னு எழுதறாங்களே, அவர் சரியா போராடலைன்னு அர்த்தம் வருதில்ல? மருந்துக்கு அந்தக் கட்டி கேக்கலை, அவ்வளவு தான் நடந்தது.

கருமுட்டை சும்மா காத்திருக்கும், விந்தணு வீரனா நீந்தி ஜெயிச்சு வரும்னு பாடப்புத்தகங்கள் எழுதினதை எமிலி மார்ட்டின்ங்கற மானுடவியல் அறிஞர் 1991ல ஒரு கட்டுரையில வரிவரியா பிரிச்சுக் காட்டினார். முட்டையோட மேலுறையும் விந்தணுவைப் பிடிச்சு ஒட்ட வைக்குதுங்கறது அந்தக் கதையில காணாமப் போயிடுது. ஆம்பளை பொம்பளைன்னு நாம வச்சிருக்கற எண்ணம் செல்லு மேல ஏறி உக்காந்துடுச்சு.

எல்லாத்தையும் சேர்த்து ஒரு பத்தியில

பசங்களுக்குப் பயிற்சிக்குன்னு நானே எழுதி வச்ச பத்தி இது:

"விரலில் கத்தி பட்டதும் உடல் அபாயச் சங்கை ஊதுகிறது. இரத்தத் தட்டுகள் விரைந்து வந்து செங்கல் போல அடுக்கி உடைப்பை அடைக்கின்றன. ஃபைப்ரின் வலை அதை இறுக்குகிறது. காவல் படையான நியூட்ரோஃபில்கள் எதிரியை மோப்பம் பிடித்து, வலை வீசிப் பிடித்து, உயிர்த் தியாகம் செய்கின்றன. சீழ், அந்தப் போர்க்களத்தின் எச்சம்."

அபாயச் சங்கு உருவகம். ஊதறது உடம்பு இல்ல, அந்த இடத்துல சிதைஞ்ச செல்லுலேர்ந்து ரசாயனம் கசியுது. தட்டுங்கறது பேரு, விட்டுடுங்க. செங்கல் உவமை, "போல" இருக்கு, பயன் பொருந்துது. ஆனா செங்கல் உருவம் மாறாது, ரத்தத் தட்டு தூண்டப்பட்டதும் வழவழன்னு இருந்தது முள்ளு முள்ளா கை நீட்டி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். மோப்பம் உருவகம், நியூட்ரோஃபில்ங்கற வெள்ளையணு ரசாயனம் எந்தப் பக்கம் அடர்த்தியோ அந்தப் பக்கம் நகருது. தியாகம் அப்பட்டமான தற்குறிப்பேற்றம்.

இப்ப ரெண்டு வலைக்கு வருவோம், பாதிப் பேர் இங்க தான் வழுக்கி விழுவாங்க. ஃபைப்ரின்ங்கறது ரத்தம் உறையறப்ப உண்டாகற புரத நூல், அந்த வலை கிட்டத்தட்ட நிஜ வலை, எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்ல பார்த்தா நூல் நூலா குறுக்கும் நெடுக்கும் ஓடி சிவப்பணு அதுல சிக்கியிருக்கும். நியூட்ரோஃபில் வலை வீசுதுங்கறது நிச்சயம் உருவகம்னு தோணும், இல்லைங்க! தன்னோட டிஎன்ஏவையே நூலா வெளிய விட்டு பாக்டீரியாவை அதுல சிக்க வைக்குதுன்னு 2004ல கண்டுபிடிச்சாங்க. அழகா இருக்கற வரி எல்லாம் உவமைன்னு முடிவு கட்டக்கூடாது. சீழும் அப்படித் தான், போர்க்களம் உருவகம், ஆனா செத்த நியூட்ரோஃபிலும் பாக்டீரியாவும் சிதைஞ்ச திசுவும் அதுல இருக்கறது நிஜம்.

கடைசிப் படி: உவமை இல்லாம ஒரு தடவை, புது உவமையோட ஒரு தடவை

கட்டுரையை மூடி வச்சுட்டு உவமையே இல்லாம சொல்லிப் பாருங்க. எங்க திக்குதோ அங்க உங்களுக்குப் புரியலை, உவமை தான் புரிஞ்ச மாதிரி காட்டியிருக்கு. அப்புறம் வேற உவமை தேடி, மேல சொன்ன படியில எல்லாம் அதையும் ஏத்தி இறக்குங்க.

அப்பாகிட்ட அப்படித் தான் உக்காந்து சொன்னேன். கொழுப்பு குழாய்க்குள்ள பாசி மாதிரி படியலைப்பா, குழாய்ச் சுவத்தோட சதைக்குள்ள போய் சேருது, வெள்ளையணுவும் அதுக்குள்ள போய் வீங்குது, மேல ஒரு மெல்லிசு மூடி இருக்கும், அந்த மூடி கிழிஞ்சா அங்க ரத்தம் உறையும், நிறைய ஹார்ட் அட்டாக் அப்படித் தான் வருது, ஸ்டென்ட்டு அந்த ஒரு இடத்தைத் தான் பிடிச்சு நிறுத்தியிருக்கு, மத்த இடத்துல சுவரு அப்படியே தான் இருக்கு. கொஞ்ச நேரம் யோசிச்சார். "அப்போ சுவத்துல ஓதம் ஏறின மாதிரியா? வெளிய பெயின்ட் நல்லா இருக்கும், உள்ள ஊறி ஊறி ஒரு நாள் காரை பொலபொலன்னு விழும்"னார்.

வினை பொருந்துது, உள்ள ஊறறதும் திடீர்னு பெயர்றதும். எங்க அறுந்து போகுது? ஓதம் தரையிலேர்ந்து ஏறும், இது ஓடற ரத்தத்துலேர்ந்தே வருது. வீட்டுச் சுவத்துக்கு உயிர் இல்ல, இந்தச் சுவரு உயிரோட இருக்கு, மாத்திரை போட்டா உள்ள ஊறறது குறையும், மூடியும் கெட்டிப்படும். அதையும் சொன்னேன். "அப்போ நிறுத்தினா திரும்ப ஊற ஆரம்பிச்சிடும்"னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போய் மாத்திரை டப்பாவை எடுத்துட்டு வந்தார்.